நூறு ரூபாய் போட்டுப் பார்த்தது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சமையலறை இருப்புப் பதிவேட்டில் அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்பதுதான். நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்லச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. அப்படிப்பட்டவள் எதற்கு இத்தனை காகிதத்தை வீணாக்குகிறாள் என்று கேட்டால் என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு பேங்க்கில், ஏதோ ஒரு பீரோவில், என் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது நான் சொன்னது இல்லை. நான் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் இதில் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு கள்ளக்குறிச்சியில். வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல். திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் மேலே போனால் சனிக்கிழமை மத்தியானம்தான் கீழே இறங்குவேன். நான் சொல்லப்போகிற காலத்தில் நோய்க்குப் பயந்து பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். ஆனாலும் நாங்கள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளைகளின் பங்கு அரிசியையும் முட்டையையும் பெற்றோர் வந்து வாங்கிப் போகும்போது அளந்து கொடுக்க வேண்டும். முகக்கவசம் போடச் சொன்ன காலம். மற்றவர்கள் மூச்சு முட்டுகிறது என்றார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்குப் பக்கத்து ஊரில் பெண்கள் பலரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். கூலி பேங்க் கணக்கில்தான் விழும். கணக்கு இருப்பதோ கீழே கள்ளக்குறிச்சியில். பணம் வந்ததா என்று பார்ப்பதற்காகப் பஸ் ஏறி இறங்கினால் ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் காசும் போயிற்று. போனில் தகவல் வரும் என்பார்கள். அந்த ஊரில் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அதுவும் போன் இருப்பவர்களுக்கு. அதனால் வாரா வாரம் கீழே போகிற என்னிடம் ஏடிஎம் கார்டைக் கொடுத்து அனுப்பினார்கள். முதலில் ஒருத்தி கொடுத்தாள். அப்புறம் மூன்று பேர். கடைசியில் பதினொரு கார்டு.

கார்டில் இருக்கிற பெயர் அவர்களுக்குப் படிக்க வராது. எனக்கும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வரும். அதனால் ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்தார்கள். ஒருத்தி கார்டின் மூலையில் நகச்சாயம் பூசினாள். ஒருத்தி ஒட்டுப்பொட்டு ஒட்டினாள். ஒருத்தி கத்திரியால் ஓரத்தில் வெட்டப் பார்த்தாள், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். சிலர் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறையில் கார்டைப் போட்டு நூல் கட்டினார்கள். ரகசிய எண்களை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. பதினொன்றும் மனப்பாடம். பதினொரு வீட்டுப் பெண்கள் தங்கள் எண்ணை என் காதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வேறு எதற்கும் யாரும் என்னை அப்படி நம்பியதில்லை.

இவர்களில் நான் அதிகம் சொல்லப்போவது கார்டு உறையில் பச்சை நூல் கட்டியிருந்தவளைப் பற்றி. பெயர் வேண்டாம், பச்சை நூல்காரி என்றே வைத்துக்கொள்கிறேன். என் வயதுதான் இருக்கும். புருசன் இல்லை. அந்த வருசம் ஆடியில் செய்த வேலைக்குக் கூலி வந்ததும் ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்க வேண்டும் என்று குறி வைத்திருந்தாள். ஆட்டுக்காரனிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

"வேற யாருக்கும் குடுத்துடாதன்னு சொல்லிக்கீறேன் யக்கா. தெனம் போய் அந்தக் குட்டிய ஒருவாட்டி தொட்டுட்டு வர்றேன். என்னைப் பாத்தா அதுக்கு இப்பவே அடையாளம் தெரியுது."

பணம் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்பது எனக்கு முதலில் தெரியவில்லை. மிஷினில் இருப்பைக் காட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் சீட்டு வராது, காகிதம் தீர்ந்திருக்கும். திரையில் வருகிற எழுத்து நான் கூட்டிப் படிப்பதற்குள் மறைந்துவிடும். பின்னால் வரிசை நிற்கும். ஒருநாள் ஒரு ஆள், "எவ்ளோ கார்டும்மா வச்சிக்கினு கீற, சீட்டு ஆடப் போறியா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே என் தம்பி நின்றிருந்தான். தம்பி என்றால் சித்தி மகன். அந்த பேங்க்கில்தான் வேலை. நிரந்தர வேலை இல்லை. பாஸ்புக் அச்சடித்துத் தருவது, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது, கட்டுக்கட்டாய்க் காகிதம் தூக்கி வைப்பது. ஒன்பது வருசமாக நாள் கூலிதான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற முதல் ஆள் அவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவன் வாசகம் படிக்க எழுந்து நின்றால் சித்தியைவிட நான்தான் அதிகம் பூரித்துப்போவேன். கணீரென்று, பிசிறில்லாமல் படிப்பான்.

"இன்னாக்கா, முழிச்சிக்கினு நிக்கற?" என்றான்.

"பணம் வந்துச்சான்னு பாக்கணும்டா. எங்க அமுத்தறதுன்னு தெரியல."

"அதெல்லாம் எதுக்குக்கா? நூறு ரூபா போட்டுப் பாரு. இருந்தா வரும், இல்லன்னா வராது. அவ்ளோதான்."

"அதுக்குக் காசு கீசு எதனா புடிப்பாங்களா?"

அவன் சிரித்தான். "எடுக்காத பணத்துக்கு எவனாவது காசு புடிப்பானா? நல்லா கேட்ட போ."

இரண்டு வாரம் கழித்து இதையே மறுபடி கேட்டேன். எதையும் இரண்டு முறை கேட்பது என் வழக்கம். அவன் மறுபடி அதையே சொன்னான். "ஒண்ணும் புடிக்க மாட்டாங்கக்கா. தைரியமா போடு."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன். மலையில் இதற்குக் கதவு தட்டுவது என்று பெயராகிவிட்டது. திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாராவது காத்திருப்பார்கள்.

"யக்கா, என்னுத தட்டுனியா?"

"தட்டுனேன். தெறக்கல."

பச்சை நூல்காரி மட்டும் விடமாட்டாள். "ஒரு மிஷின்லதான் தட்டியிருப்ப. அது தூங்கினு கீதோ இன்னாமோ. இன்னொரு மிஷின்ல ஓங்கித் தட்டிப் பாரு யக்கா." அவள் சொன்னாளே என்று நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மிஷின், கடைவீதியில் ஒரு மிஷின் என்று இரண்டு இடத்தில் போட்டுப் பார்ப்பேன். ஆடி, ஆவணி போயிற்று. புரட்டாசி, ஐப்பசி போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு கார்டையும் ஒவ்வொன்றாகச் செருகி, எண்ணை அமுத்தி, நூறு ரூபாய் கேட்டு, இல்லை என்று அது சொன்னதும் வணக்கம் வைத்துவிட்டு வருகிற மாதிரி வெளியே வந்தேன்.

கார்த்திகையில் கூலி வந்துவிட்டது என்று வேலைத் தளத்தில் சொல்லிவிட்டார்கள். பச்சை நூல்காரிக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அந்தச் சனிக்கிழமை நான் ஆயிரத்து எண்ணூறு கேட்டேன். மிஷின் இல்லை என்றது. ஆயிரம் கேட்டேன், வந்தது. நூறு கேட்டேன், வந்தது. இன்னொரு நூறு கேட்டேன், வரவில்லை. மற்ற கார்டுகளிலும் இதே கதைதான். எல்லாவற்றிலும் ஐந்நூறு, அறுநூறு குறைந்தது.

திங்கட்கிழமை பச்சை நூல்காரியிடம் ஆயிரத்து நூறைக் கொடுத்தேன். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மீதி?"

"வரல."

"ஆயிரத்து எட்நூத்தி நாப்பதுன்னாங்களே."

"ஆமா. மிஷின்ல அவ்ளோதான் வந்துது."

அவள் சரி யக்கா என்று சொல்லிவிட்டு நோட்டை மடித்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அன்று மத்தியானம் அவளிடமிருந்தும் வேறு மூன்று பேரிடமிருந்தும் பாஸ்புக்கை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரத்துக்குள் அந்த ஆட்டுக்குட்டியை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பேங்க்கில் பாஸ்புக் அச்சடிக்கிற இடத்தில் தம்பி இருந்தான். பச்சை நூல்காரியின் புத்தகத்தை மிஷினுக்குள் விட்டான். அது கரகரவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போயிற்று. அவன் அதை எடுத்துப் பார்த்தான், முகம் மாறியது, சட்டென்று மூடி என்னிடம் நீட்டினான். நான் அங்கேயே திறந்து பார்த்தேன். வரி வரியாக ஒரே தொகை. இருபத்து மூன்று ரூபாய் அறுபது காசு. மறுபடி இருபத்து மூன்று ரூபாய் அறுபது காசு. விரலை வைத்து எண்ணினேன். முப்பது வரி. எழுநூற்று எட்டு ரூபாய். எல்லாம் கூலி வந்த அதே தேதியில்.

"இன்னாடா இது?"

"சார்ஜிக்கா."

"எதுக்கு?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "அக்கவுண்ட்ல பணம் இல்லாதப்ப பணம் கேட்டா ஒவ்வொரு தடவைக்கும் புடிப்பாங்க. அப்ப எடுக்க முடியாதில்ல, அதனால எழுதி வச்சிக்கினு, பணம் வந்ததும் மொத்தமா எடுத்துக்குவாங்க."

"நீதானடா நூறு ரூபா போட்டுப் பாருன்ன?"

"மெதுவா பேசுக்கா."

என் வாழ்க்கையில் என்னை யாராவது மெதுவாகப் பேசு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் எழுந்து வெளியே வந்தான். அவனுக்கும் இது தெரியாது என்றான். போன வருசம்வரை பார்த்த எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கண்டதில்லை என்றான். நான் நம்பினேன். அதை இப்போதும் நம்புகிறேன். "கவலப்படாதக்கா. தெரியாம பண்ணதுக்கு மனு குடுத்தா திருப்பிப் போட வழி கீது. நானே எழுதித் தர்றேன். பேங்க்குல வேல செய்யறவன் சொல்லித்தான் பண்ணாங்கன்னு எழுதிட்டா அவங்களால தட்ட முடியாது," என்றான்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மலைக்குப் போய், பேங்க்கில் தப்பாகப் பிடித்துவிட்டார்கள், மனு கொடுத்தால் திரும்ப வந்துவிடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். நான் தட்டியதால்தான் பிடித்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பணம் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் நானும் அவனைப் போலத்தான்.

மனு கொடுக்கப் போகிற அன்று பச்சை நூல்காரி நானும் வருகிறேன் என்றாள். "இத்தினி நாளா என் காசத் தின்ன அந்த மிஷினு மூஞ்சிய ஒருதரம் பாக்கணும்."

அது இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் போராட்டம் நடந்த சமயம். ஊர் ஊராகக் கூட்டமாய்ப் போய் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் சாலையிலும் உட்கார்ந்துவிடுவார்கள். அன்று எங்கள் பஸ் கச்சிராயபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. இதற்கு மேல் போகாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இறங்கி நடந்தோம். கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு இடத்தில் நிறையப் பேர் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகப் போக வழி விட்டார்கள்.

"எங்கம்மா நடந்தே போறீங்க?" என்றார் ஒருவர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பச்சை நூல்காரிதான் சொன்னாள். "பேங்க்குல மனு குடுக்கப் போறோம்."

"அட, நாங்களும் மனுதான். எங்க கூடவே குந்துங்க. ஒண்ணா குடுத்துடலாம்."

"உங்க மனுவுக்கு எப்ப பதில் வரும்?"

"அது முப்பது வருசமா வந்துக்கினே கீதும்மா."

"அப்ப வேணாம். எனக்கு ஆடு வாங்கணும்," என்றாள் அவள். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். மீதித் தூரமும் நடந்து பேங்க்குக்குப் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி ஆகிவிட்டது.

தம்பி எங்களைச் சுவர் ஓரப் பெஞ்சில் உட்கார வைத்து, பதினொரு கணக்கு எண்ணையும் வாங்கிக்கொண்டு எழுதினான். இங்கிலீஷில் எழுதினான். மேலிடத்துக்கு அப்படித்தான் போக வேண்டும் என்றான். எழுதி முடித்ததும் படித்துக் காட்டு என்று கேட்டேன். அவன் காகிதத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை நகர்த்தி நகர்த்தித் தமிழில் சொன்னான். கோயிலில் படிக்கிற அதே குரல். "மலையில் தொலைபேசி வசதி இல்லாத காரணத்தால்... வங்கியில் பணிபுரியும் ஊழியர் ஒருவர் கூறியதன் பேரில்... கட்டணம் பிடிக்கப்படும் என்பதை அறியாமல்..." ஊழியர் ஒருவர் என்ற இடத்தில் அவன் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். நான் கையெழுத்துப் போட்டேன். பச்சை நூல்காரி, "என் கட்டை விரலும் இருக்கட்டும்," என்று மை தொட்டு வைத்தாள்.

மேனேஜர் மனுவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். "வெளிய ஊரே மனு குடுத்துட்டு இருக்கு. உள்ள நீங்களா? வச்சுட்டுப் போங்கம்மா, அனுப்பறேன்," என்றார். நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் பச்சை நூல்காரி மிஷின் இருந்த கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "இவ்ளோதானா? நம்ம அரிசிப் பானைய விட சின்னதா கீது," என்றாள்.

அந்த நகலை வீட்டில் வேதாகமத்துக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு நான் எந்தக் கார்டையும் மிஷினில் போடவில்லை. கார்டுகள் மட்டும் என் டப்பாவில் அப்படியே இருந்தன. பெண்கள் வாரா வாரம் மனு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மலையில் யாரோ, சமையக்காரம்மாதான் எடுத்துக்கிச்சோ என்னவோ என்று பேசியதாகவும் காதில் விழுந்தது. பச்சை நூல்காரி அவர்களோடு சண்டை போட்டாள் என்றும் விழுந்தது. "நான் அது கூட நடந்து போனேன். கையெழுத்துப் போட்டத நான் பாத்தேன்," என்றாளாம்.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதுவும் இங்கிலீஷ். அன்று சனிக்கிழமை, வீட்டில் இருந்தேன். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அப்போது வகுப்பெல்லாம் போனில்தான். அவளிடம் கொடுத்தேன். முதலில் மனசுக்குள் படித்தாள்.

"குடுக்க மாட்டாங்களாம்மா. நீயே ஒத்துக்கினியாமே."

"இன்னாத்த ஒத்துக்கினேன்?"

"மத்தவங்க கார்டும் பின் நம்பரும் உன்கிட்ட வச்சிருந்தன்னு. அப்படிக் குடுத்தது அவங்க தப்பாம். அதனால பேங்க் பொறுப்பாவாதாம்."

"அது உண்மதான். ஆனா பேங்க்குல சொல்லித்தான பண்ணேன். அதையும் எழுதியிருக்கே."

அவள் மறுபடி பார்த்தாள். "அப்படி இல்லியேம்மா."

நான் வேதாகமத்திலிருந்து நகலை எடுத்து வந்தேன். அவள் மெல்லப் படித்து ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னாள். மலையில் தொலைபேசி இல்லை என்பது இருந்தது. கட்டணம் தெரியாது என்பது இருந்தது. நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வங்கி ஊழியர் எவருடைய ஆலோசனையும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில்னு இருக்கு."

"நல்லா பாருடி."

"நல்லா பாத்துட்டேம்மா."

எந்த இடம் என்று கேட்டேன். அவள் காட்டினாள். அந்த இடம் எனக்கு நினைவிருந்தது. அங்கேதான் அவன் விரல் நின்றது. அங்கேதான் என்னைப் பார்த்தான். காகிதத்தில் ஒன்று இருக்க, விரலை அதன் கீழேயே வைத்துக்கொண்டு, வாயால் வேறொன்று படித்திருக்கிறான். அதுவும் கோயிலில் படிக்கிற குரலில். எழுதாமல் விட்டிருந்தால்கூடப் பயந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். படித்துக் காட்டினானே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதற்குக் கீழே அவள் கட்டை விரல் வேறு இருந்தது.

சாயந்திரம் அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு பேங்க் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். நகலை அவன் முன்னால் வைத்தேன். அவன் பார்த்ததும் புரிந்துகொண்டான். எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.

"நீ எனக்குச் சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன். யாரு இல்லன்னா?"

"அப்ப எழுது."

"எழுத மாட்டேன்க்கா." குரலைத் தாழ்த்தினான். "ஒன்பது வருசம். இப்பத்தான் நிரந்தரம் பண்ண பேரு கேட்டிருக்காங்க. இந்த நேரத்துல நான்தான் நூறு ரூபா போட்டுப் பாக்கச் சொன்னேன்னு காகிதத்துல வந்துச்சின்னா என் பேரு அடிபடும். ரோட்டுல குந்தினாங்களே, அவங்களுக்காவது ஒருநாள் ஒரு லிஸ்ட்டு கெடைக்கும். வேதத்துல சேந்த நமக்கு எந்த லிஸ்ட்டுலக்கா ஒழுங்கா எடம் கீது?"

"அத எங்கிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

போட்டிருக்க மாட்டேன்.

"உனக்கு இன்னாக்கா ஆச்சு?" என்றான். "உன் காசு ஒரு ரூபா போவலியே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. பதினொரு எண்ணும் என் தலைக்குள் இருக்கிறது என்று அவனிடம் சொல்ல வந்தேன். வார்த்தை வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். அவன் பாக்கெட்டிலிருந்து பணம் எடுத்து எண்ணி, என் பையில் வைத்தான். எழுநூற்று எட்டு. சில்லறைக்கு டீக்கடையில் மாற்றி வாங்கி வைத்தான். "அந்தப் பொம்பளைக்கு மட்டும் குடுத்துடு. அதுதான் கூட வந்துது. பேங்க்குல குடுத்தாங்கன்னு சொல்லு." நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டேன். அதையும் எழுத வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மேலே போனேன். பஸ் நிற்கிற இடத்தில் பச்சை நூல்காரி இருந்தாள். பள்ளிக்கு நடக்கும்போது பணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எண்ணினாள்.

"பேங்க்கு குடுத்துட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தேன்.

"இல்ல. இது என் தம்பி காசு."

அதற்கு மேல் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். நான் ஒவ்வொரு தடவை தட்டியதற்கும் அவர்கள் கணக்கில் காசு பிடித்தார்கள் என்பதைச் சொன்னேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் இரண்டு மாதமாகச் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். தம்பி எழுதியதைச் சொன்னேன், படித்ததைச் சொன்னேன். அவள் நின்று கேட்டாள்.

"என் கைநாட்டு அதுக்குக் கீழயா கீது?"

"ஆமா."

"அப்படின்னா நானே எழுதிக் குடுத்த மாரி."

"ஆமா."

கையிலிருந்த பணத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மத்த பத்து பேருக்கு?"

"இல்ல. உனக்கு மட்டுந்தான் குடுத்தான்."

அவள் நோட்டுகளை அப்படியே மடித்து, சில்லறையை மேலே வைத்து, என் கையைப் பிடித்து அதில் வைத்தாள். "இது பேங்க்கு காசு இல்ல. பேசாத இருக்கக் குடுத்த காசு. பத்து பேருக்கும் வர்றப்ப எனக்கும் வரட்டும்."

"ஆடு?"

"ஆடு போயி எத்தினி நாளாச்சு யக்கா."

பள்ளி வாசல்வரை கூடவே வந்தாள். நான் டப்பாவைத் திறந்தபோது, பச்சை நூல் கட்டிய உறையை அவளே பார்த்து எடுத்துக்கொண்டாள். கோபமாக எடுக்கவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். ஆனால் எடுத்துக்கொண்டாள். நம்பரை மாற்ற வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பேங்க்கில் கேட்டால் சொல்வார்கள் என்றேன்.

அவள் ஊரில் சொல்லியிருப்பாள் போல, மறுநாள் காலை மற்ற பத்துப் பேரும் வந்து அவரவர் கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் முட்டையை எண்ணிப் பதிவேட்டில் எழுதினேன்.